இருபத்து மூன்று நாற்சந்திகள்

சக்கரத்தைக் கண்டுபிடித்த மனித குலத்துக்கு அதை எங்கே உருட்டுவது என்பது மட்டும் நெடுங்காலம் விளங்கவில்லை. அந்தக் குறை ருமேனியாவின் ரெசுலேனி நகரத்தில் நீங்கியது. நீக்கியவர் நகராட்சிப் பொறியாளர் ஒக்தாவியன் பெர்சான்.

தேவாலயத்திலிருந்து மருத்துவமனைக்கும் அதை ஒட்டிய கல்லறைத் தோட்டத்துக்கும் முன்பு ஒரே நேர்சாலை. வழியில் மூன்றே நாற்சந்திகள். "ஓட்டுநருக்கு ஒரே வழி என்பது அடிமைத்தனம்!" என்று மன்றத்தில் முழங்கிய ஒக்தாவியன், குறுக்கும் நெடுக்குமாகத் தெருக்களை வெட்டி நாற்சந்திகளை இருபத்து மூன்றாக உயர்த்தினார். ஒவ்வொன்றிலும் சிவப்பு விளக்கு. வண்டிகள் நகரவில்லை என்று சிலர் முணுமுணுத்தார்கள். 'தேர்வுரிமை' பெற்ற மக்கள் யோசிக்க அவகாசம் எடுத்துக்கொள்வதாக அறிக்கை விளக்கியது.

இந்த மேதையை மருமகனாக அடையும் பேறு பெற்ற இலாரியே என்ற பெரியவர், நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மாரடைப்பால் காலமானார். வீடு தேவாலயத்துக்கு எதிரில். வெள்ளிக்கிழமை அடக்கம். பொழுது சாய்ந்தபின் அந்த ஊரில் யாரையும் புதைப்பதில்லை.

இரண்டு மணிக்குக் கிளம்பினால் நடந்தே அரை மணி என்று கணக்குப் போட்ட ஒக்தாவியன், ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். ஊர் வழக்கப்படி சவ ஊர்வலம் ஒவ்வொரு நாற்சந்தியிலும் நின்றாக வேண்டும். பாதிரியார் நற்செய்தி வாசிப்பார். வீட்டார் யாருக்காவது ஒரு துண்டைத் தானம் கொடுப்பார்கள். வாங்குபவர், "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று சொல்ல வேண்டும்.

ஏழாவது சந்தியில் ஒக்தாவியனுக்கு வேர்த்தது. மாமியார் வெத்தூரியாவிடம் குனிந்தார்.

"அத்தை, எத்தனை துண்டு கொண்டுவந்திருக்கீங்க?"

"இருபத்து மூணு மாப்ள. எண்ணி வச்சிருக்கேன்."

"எப்ப எண்ணுனீங்க?"

"செவ்வாக்கிழமை."

பதினொன்றில், பின்னால் தேங்கிய வண்டிகளிலிருந்து ஒருவன் கத்தினான். "யோவ், செத்தவருக்கு அவசரமில்ல, எனக்கு இருக்குய்யா!"

ஒக்தாவியன் பாதிரியாரிடம் ஓடினார். "ஃபாதர், இது நாற்சந்தியே இல்ல. ஆவணத்துல இதுக்குப் பேரு 'ஓட்டப் பகிர்வு முனை'."

"நாலு பக்கமும் தெரு போகுதா?"

"போகுது..."

"அப்ப நில்லு."

பத்தொன்பதாவதில் சூரியன் ஓட்டுக்கூரையைத் தொட்டுவிட்டது. பாதிரியாரே தயங்கினார். "வெத்தூரியா, பொழுது போகுதே. இனிமே நிக்காம போயிடலாமா?"

"மிச்சம் நாலையும் விட்டுடுங்க, ஃபாதர். இங்க மட்டும் முழுசா வாசிங்க."

"ஏன் அத்தை, இங்க என்ன?" என்றார் ஒக்தாவியன். அவருக்குச் சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது.

"செவ்வாக்கிழமை ஆம்புலன்ஸ் இங்கதான் மாட்டுச்சு. முன்னாடியும் வண்டி, பின்னாடியும் வண்டி. நான் ஒவ்வொரு சந்தியா எண்ணிக்கிட்டே வந்தேன் மாப்ள. பத்தொம்பது வரைக்கும் அவர் என் கையைப் பிடிச்சிருந்தாரு. அப்புறம் நாலை நான் தனியா எண்ணினேன்."

பாதிரியார் புத்தகத்தை முழுதாக வாசித்து மூடினார். வெத்தூரியா பத்தொன்பதாவது துண்டை எடுத்து, மடிப்பு கலையாமல், மருமகன் கையில் வைத்தாள்.

ஒக்தாவியன் துண்டை வாங்கிக்கொண்டார். முறை என்று ஒன்று இருக்கிறதே.

"கடவுள்... அவரை மன்னிக்கட்டும்."

"அவரை மன்னிக்க என்ன மாப்ள இருக்கு?" என்றாள் வெத்தூரியா. "ஆம்புலன்ஸ்ல அவர் நேராப் போகணும்னுதானே சொன்னாரு."