கழித்தல் குறி போட்டுத் தேடிய மாப்பிள்ளை

உயிலங்குளம்
செவ்வாய்க்கிழமை

மதிப்புக்குரிய சிவசுப்பிரமணியம் அண்ணை அவர்கட்கு,

நீங்களும் அக்காவும் தம்பி டிலோஜனும் சுகமாக இருக்க வேண்டும். நாங்களும் சுகம், என் முகம் மட்டும் வெளியில் காட்டுகிற நிலையில் இல்லை. சனிக்கிழமை காலை நம் குளத்துக் கமக்காரர் வட்ஸ்அப் குறூப்பில் உங்கள் மகன் டிலோஜனைப் பற்றி வந்த அந்த ஒற்றை வரி நான் அனுப்பியதுதான். போன் தானாக அனுப்பிவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை வரை சொல்லிப் பார்த்தேன். என் மனைவி இராசம்மாவே நம்பவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன், அண்ணை. சம்பந்தம் பேசினால் மாப்பிள்ளையின் ஊரில் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம். உங்கள் முருங்கனில் விசாரித்தால் அரைமணியில் உங்கள் காதுக்கு வந்துவிடும், அது மரியாதையில்லை என்றுதான் கூகிளில் விசாரிக்கப் போனேன். நான் படித்தது எட்டாம் வகுப்பு. டிலோஜன் என்று அடித்தால் உலகத்திலுள்ள டிலோஜன் எல்லாரும் வந்து நிற்கிறார்கள். ஒருவர் கனடாவில் வீடு விற்கிறார், ஒருவர் பாட்டுப் பாடுகிறார், ஒருவரைப் பொலிஸ் கைது செய்து கொண்டுபோகிறது. நூல் நிலையத்தில் வேலை செய்கிற மகள் ஹம்சிகாவிடம், யாரைத் தேடுகிறேன் என்று சொல்லாமல், வழி கேட்டேன். வேண்டாத சொல்லுக்கு முன்னால் ஒட்டினாற்போல் ஒரு கழித்தல் குறி போடுங்கோ, அந்தச் சொல் இருக்கிற பக்கம் வராது என்றாள். கைது என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு கோடு போட்டேன். கைதானவர் மறைந்தே போனார். அட, இவ்வளவு லேசா என்று குடிக்கு ஒன்று போட்டேன், காதலுக்கு ஒன்று போட்டேன். கோடு போடப் போட மாப்பிள்ளை வெளுத்துக்கொண்டே வந்தார். சந்தோசத்தில் மகளைக் கூப்பிட்டுக் காட்டியே விட்டேன்.

"என்னப்பா இது? இப்பிடிக் கழிச்சுக்கொண்டு போனால் ஊரிலை ஆர்தான் கெட்டவன்?" என்று சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டாள். பிறகுதான் முழுப் பெயரையும் மேற்கோள் குறிக்குள் பூட்டச் சொன்னாள். பூட்டினால் அந்தப் பெயர் அப்படியே சேர்ந்திருக்கிற பக்கம் மட்டும் வருமாம். பூட்டினேன். மூன்றே மூன்று பக்கம். இரத்ததானம் செய்தவர்களின் பட்டியல், விவசாயப் பயிற்சி முடித்தவர்களின் பட்டியல், ஒரு கிரிக்கெற் ஆட்டம். ஆட்டத்தில் தம்பி பூச்சியத்துக்கு அவுட். நான் அதைப் பெரிசாக எடுத்தேன். "ரன் அடிச்சே பொம்பிளையை வைச்சுப் பாக்கப் போறார்? விடுங்கோ" என்றாள் இராசம்மா.

அத்தோடு நானும் விட்டிருக்கலாம். சனிக்கிழமை காலை, பூட்டையும் கோட்டையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம் என்று ஒரு ஆசை. தண்ணீர் முறை அறிவித்தல் வந்திருக்கிறதா என்று குறூப்பையும் திறந்து வைத்திருந்தேன். "சிவசுப்பிரமணியம் டிலோஜன்" -குடி -கைது -காதல் என்று அடித்து அனுப்பியது குறூப்புக்குப் போய்விட்டது. அறிவித்தலுக்குக் கீழே கண்டேன் என்று பெருவிரல் குறி போடாதவன், தண்ணீர் பிந்தினால் முறையிடக் கூடாது என்று போன போகத்தில் தீர்மானம் போட்டவர் நீங்களே. அழிக்கிற இடத்தை நான் தேடிக்கொண்டிருக்க, அறுபத்திரண்டு பேர் வாசிக்காமலே பெருவிரல் போட்டுவிட்டார்கள். குடி, கைது, காதல், கீழே அறுபத்திரண்டு சாட்சி!

உடனே உங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அக்காதான் கதைத்தா. "அறுபத்திரண்டு பேர் ஓமெண்டு சொன்ன குடிகாரனுக்கு ஏன் பொம்பிளை தாறியள்? வேறை இடம் பாருங்கோ" என்று வைத்துவிட்டா. அன்றிலிருந்து ஹம்சிகா சோற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறாள். "எனக்கு அந்தப் பூச்சியம் எடுத்தவரைப் பிடிச்சிருந்ததப்பா" என்று ஒரே ஒரு தரம் சொன்னாள். பிறகு என் போனை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். குறூப்பில் மன்னிப்பு எழுத இராசம்மாவின் போனைக் கேட்டேன். "ஐயோ, இனி ஒரு வரியும் வேண்டாம், கும்பிட்டுக் கேக்கிறன்" என்றாள். ஆகவே இதை மீன் கொண்டுவருகிற ஜமால்தீன் கையில் கொடுத்துவிடுகிறேன். நாறினால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

அந்தக் கோடுகள், அதெல்லாம் இல்லாத பிள்ளை என்று காட்டத்தான் அண்ணை. அக்காவுக்கு வாசித்துச் சொல்லுங்கோ. கலியாண எழுத்துக்கு நாள் குறிக்க வாற ஞாயிறு வருவதாகச் சொன்னதை மாற்றாதேங்கோ.

உங்கள் வயலுக்கு நிறைந்த தண்ணீரும் அக்காவின் மனதுக்குக் கொஞ்சம் குளிர்ச்சியும் கிடைக்க வேண்டிக்கொண்டு,

தங்கள் சம்பந்தியாக ஆசைப்படும்
க. கந்தவனம்

பி.கு.: இதை அக்காவுக்கு வாசிக்க வேண்டாம். பெயரைப் பூட்டிய பிறகு இரண்டு நாளாக அந்த மூன்று சொல்லையும் கோடு போடாமல், பெயரோடு சேர்த்துத்தான் தேடினேன், அண்ணை. ஏதாவது ஒன்று அகப்பட்டால் சம்பந்தம் தள்ளிப்போய் என் பிள்ளை இன்னும் ஒரு வருசமாவது எங்களோடு இருக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. சனிக்கிழமை கோடுகளைத் திரும்பப் போட்டது வெட்கத்தில். வீட்டில் "நல்ல பெடியன்" என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லவில்லை.