குருவிட்டவுக்கு வெறும் வயிற்றோடு

ஆற்றோரமாக மெதுவாக வண்டியில் போனால் மனம் லேசாகும் என்று சொல்கிறவர்கள், மகளுக்குச் சம்பந்தம் பேச அந்த வழியில் போயிருக்க மாட்டார்கள். நான் போயிருக்கிறேன். இன்றைக்கும் களனி கங்கையைப் பார்த்தால் எனக்கு ஏப்பம்தான் வருகிறது.

எங்கள் வீடு யட்டியாந்தோட்டையில். நான் அங்கே தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. மகள் தர்ஷினி கொழும்பில் தன்னோடு வேலை செய்யும் பிரசாந்தைத்தான் கட்டிக்கொள்வேன் என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள். பையனின் வீடு குருவிட்டப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். அப்பா இல்லை. அம்மா ராஜேஸ்வரி ரப்பர் மரத்தில் பால் வெட்டித்தான் அவனைப் படிக்கவைத்தார். அவருக்கு எங்கள்மேல் ஒரு சந்தேகம். "டீச்சர் வீட்டு ஆளுங்க நம்ம லயத்துல கை நனைப்பாங்களா?" என்று மகனிடம் கேட்டிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் அது பெரிய கேள்வி. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம். இலையைத் தொடாமல் எழுந்தால் பேச்சு அத்தோடு முடிந்தது. அதிலும் லயத்து வீட்டில் ஒரு டீச்சர் சாப்பிடாமல் எழுந்தால் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், சாகும்வரை மறக்கவும் மாட்டார்கள்.

இதையெல்லாம் யோசித்து யோசித்துத் தூக்கம் கெட்டு, கடைசியில் நான் ஒரு திட்டம் போட்டேன். சம்பந்தம் பேசப் போகிற அன்று காலையில் யாருக்கும் சாப்பாடு கிடையாது. ஒரு பிஸ்கட்கூட இல்லை. "அங்க போய் ஆளுக்கு ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிடணும்" என்று உத்தரவு போட்டேன்.

நாளையும் நானே குறித்தேன். எல்லோருக்கும் லீவு என்பதால் வெசாக் போயா, புத்தர் பிறந்த பௌர்ணமி. (பிறந்ததிலிருந்து சிங்களவங்க மத்தியில இருக்கிற உனக்கு, வெசாக்குக்கு ரோட்டுல என்ன நடக்கும்னு தெரியாதா என்று என் வீட்டுக்காரர் இன்னமும் கேட்கிறார். தெரியும். பதற்றத்தில் மறந்துபோனது.)

அவர், அதாவது செல்வம், பக்கத்து வீட்டு வேனை இரவல் வாங்கியிருந்தார். "அவசரமே இல்ல மீனா. ஆத்தைப் பாத்துக்கிட்டே ஆடி அசைஞ்சு போவோம்" என்றார். ஆறும் அழகாகத்தான் இருந்தது. மூங்கில் புதர்கள் தண்ணீரில் சாய்ந்து கிடந்தன. பாறைகளில் துணி காய்ந்தது. நான் பசியில் மூங்கிலைப் பார்த்தேன், கரும்பு மாதிரி தெரிந்தது.

கரவனெல்ல வருவதற்குள் நான்கைந்து பையன்கள் மஞ்சள் கொடியோடு ரோட்டின் குறுக்கே வந்து நின்றார்கள். தன்சல். போகிற வருகிறவர்களை நிறுத்தி அன்னதானம் கொடுத்தே அனுப்புவார்கள். "காலா யன்ன, அம்மே" என்று ஒருவன் வேன் கதவையே திறந்துவிட்டான். சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டுமாம்.

ஆவி பறக்க அவித்த மரவள்ளிக்கிழங்கு, மேலே உறைப்பான சம்பல். கிழங்கு சோற்றில் சேராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாவது தட்டை நீட்டியபோதும் அதையேதான் சொல்லிக்கொண்டேன்.

அவிசாவளையில் கடலையும் ஐஸ்கிரீமும். அதுவும் சோற்றில் சேராது. பின் சீட்டிலிருந்து தர்ஷினி, "அம்மா, போதும்மா. அங்க அத்தை சமைச்சு வச்சிருக்காங்க" என்றாள். குரலில் அழுகை இருந்தது. "ஐஸ்கிரீம் கரைஞ்சு இறங்கிடும்டி" என்றேன்.

எஹலியகொடையில்தான் விதி முடிந்தது. அங்கே சோற்றுத் தன்சலில் கரண்டியோடு நின்றது குசும் டீச்சர். ஒருகாலத்தில் என் பள்ளிக்கூடத்தில் சிங்களம் கற்பித்தவர். என் கையைப் பிடித்து வேனிலிருந்து இழுத்து இறக்கி, வரிசையைத் தாண்டிக் கொண்டுபோய் உட்காரவைத்தார். சோறு, பருப்பு, பலாப்பிஞ்சுக் கறி. வேண்டாம் என்றால் அவர் மனம் நோகும். அங்கே நோகக்கூடாது என்பதற்காகத்தானே இந்தப் பயணமே. இங்கே மட்டும் நோகலாமா? சாப்பிட்டேன். செல்வம் எனக்கு மேல் சாப்பிட்டார்.

குருவிட்ட வந்து சேர்ந்தபோது என்னால் குனிந்து செருப்பைக் கழற்ற முடியவில்லை.

லயத்து வீட்டுக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். தரையில் பாய், வரிசையாக வாழை இலை. ராஜேஸ்வரி குழம்புச் சட்டியோடு வந்து முதலில் செல்வத்தின் இலையில் பரிமாறினார். "முட்டைக்கு வச்சிருந்த கோழிங்க. நீங்க வர்றீங்கன்னுதான் நேத்தே அறுத்தேன்" என்றார்.

சட்டியின் வாசம் மூக்கில் ஏறியது. பலாப்பிஞ்சு தொண்டைக்கு ஏறியது. என் வாயிலிருந்து நான் நினைக்காத ஒன்று வெளியே வந்தது.

"இன்னைக்கு எனக்குப் பௌர்ணமி விரதம்ங்க."

"எனக்கும்ங்க" என்றார் செல்வம். அவர் கையில் கோழிக்கால் இருந்தது.

ராஜேஸ்வரி அந்தக் கோழிக்காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "முன்னமே சொல்லியிருக்கலாமே, டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சட்டியை மூடினார். பிரசாந்த் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். தர்ஷினியின் கண்ணீர் இலையில் சொட்டியது. என் பிள்ளையின் வாழ்க்கையை ஒரு வார்த்தையில் முடித்துவிட்டேன் என்று தெரிந்தது. எழுந்து ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வார்த்தை வரவில்லை, வேறென்னவோ வந்தது. பின்பக்கம் ஓடினேன்.

தண்ணீர்க் குழாயடியில் குனிந்து நின்றபோது காய்த்துப்போன ஒரு கை என் நெற்றியைப் பிடித்துக்கொண்டது. ரப்பர் பால் வாசம். எல்லாம் முடியும்வரை அந்தக் கை விலகவில்லை. பிறகு அவர் கீழே பார்த்தார்.

"விரதத்துக்கு மரவள்ளியும் பலாப்பிஞ்சுமா, டீச்சர்?"

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கொடி, கிழங்கு, ஐஸ்கிரீம், குசும். இங்கே இரண்டு தடவை சோறு வாங்க வேண்டும் என்று காலையில் பச்சைத் தண்ணீரோடு கிளம்பியதையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. "இங்க சாப்பிடணும்னா பட்டினியா கிளம்புனீங்க?" என்றார். பிறகு செம்பை எடுத்து என் கையில் தண்ணீர் ஊற்றினார். "உள்ள வாங்க. ஒரு வாய் போதும்."

ரசம் ஊற்றிய ஒரு பிடி சோறு. அது எப்படி உள்ளே இறங்கியது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. திரும்பி வரும்போது தர்ஷினி வழிநெடுக என்னோடு பேசவில்லை. செல்வம் ஆற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கல்யாணம் நடந்துவிட்டது. ஆனாலும் குருவிட்டத் தோட்டத்தில் என் பெயர் மீனாட்சி இல்லை, விரத டீச்சர். சின்னப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுகின்றன. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபோது என் இலையின் ஓரத்தில் மட்டும் அவித்த மரவள்ளித் துண்டு ஒன்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். சம்பந்தியம்மா இடுப்பில் கைவைத்து எதிரே நின்றுகொண்டிருந்தார். பந்தி மொத்தமும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அதைத் தின்று முடிக்கும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.