சட்டைப் பையில் போன தண்ணீர்

அறுபத்தெட்டு வயது வரை நான் தினமும் டீக்கடையில் பேப்பர் படித்தவன். எழுத்து மட்டும் தெரியாது. (படம் தலைகீழாக இல்லாமல் பிடித்தால் போதும், ஊர் நம்பிவிடும்.) அந்த ரகசியத்தை நானே ஊருக்கு உடைத்த கதையை நான் சொல்லச் சொல்ல, மகள் எழுதுகிறாள்.

எங்கள் காரைக்கால் பக்கம் ஓர் உள்ளூர் டிவி உண்டு. கோட்டுச்சேரிமேட்டில் கடல் எப்படி, வரிச்சிக்குடி வாய்க்காலில் எப்போது தண்ணீர், யார் வீட்டில் சாவு என்றெல்லாம் அதுதான் சொல்லும். கேமரா, விளக்கு, போன் எல்லாமே சேவியர் ஒருவர்தான். 'யாரும் பார்ப்பதில்லை, ஊரார் கையெழுத்து சேராவிட்டால் மாதக் கடைசியோடு நிறுத்தம்' என்று கேபிள்காரர்கள் சொல்லிவிட்டார்கள். சேவியர் என்னிடம் வந்தார்.

"பெரியவரே, இந்த டிவி ஏன் வேணும்னு நேரலையில ரெண்டு நிமிஷம் பேசுங்க. தெனம் பேப்பர் படிக்கிறவரு, நீங்க சொன்னா கேப்பாங்க."

நாலு மணிக்கு மாடியில் இருந்த டிவி அறையில் உட்கார்ந்தேன். இருந்த ஒரே மைக் என் சட்டையில். மாடு காணாமல் போய் டிவியில் சொன்னதும் கிடைத்ததைத் தொடங்கினேன். அந்த மாட்டை வாங்கிய சந்தை, சந்தையில் அறுந்த செருப்பு, செருப்பு தைத்தவரின் மச்சான்... (மகள் 'விஷயத்துக்கு வாங்கப்பா' என்கிறாள். அன்று அப்படிச் சொல்ல ஆளில்லை.) நடுவில் போனில் பேசிய சேவியர், ஏதோ எழுதிய சீட்டை என் கையில் திணித்தார். படித்ததுபோல் தலையாட்டிப் பையில் வைத்தேன். அவர் கையை ஆட்டி ஆட்டிக் காட்டினார். பேச்சு பிடித்துவிட்டது போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு மாடு சேர்த்துக்கொண்டேன்.

மணி ஐந்து. சேவியர் பாய்ந்து வந்து சீட்டைப் பிடுங்கினார்.

"பைப்பு சரியாயிடுச்சு, அஞ்சு மணி வரைக்கும்தான் குடிதண்ணி வரும்னு எழுதிக் குடுத்தேனே! ஏன் படிக்கல?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "எழுத்து தெரிஞ்சா உன் டிவியை எதுக்குய்யா பாக்குறேன்? என்னை மாதிரி ஆளு காதுல ஊர்ச் சேதியப் போட வேற யாரு இருக்கா?"

சேவியர் திரும்பிப் பார்த்தார். கேமராவில் சிவப்பு விளக்கு அணையவே இல்லை.

குழாயடியில் இருக்க வேண்டிய பெண்களெல்லாம் வீட்டுக்குள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கால் மணி நேரத்தில் காலிக் குடங்களோடு மாடி ஏறினார்கள். முன்னால் என் வீட்டுக்காரி.

"ஏங்க, மூணு நாளா தண்ணியில்ல. வந்த தண்ணியப் பையில வச்சுக்கிட்டு மாட்டுக் கதையா சொல்றீங்க?"

பின்னால் ஒருத்தி சேவியரைப் பிடித்துக்கொண்டாள். "தண்ணி வர்றத நம்ம டிவி சொல்லாம, டெல்லி டிவியா வந்து சொல்லும்?"

சேவியர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கையெழுத்து நோட்டை நீட்டினார். "இதையே கையெழுத்தா போடுங்கக்கா!"

திட்டிக்கொண்டேதான் போட்டார்கள். ஆனால் போட்டார்கள். முதல் பக்கத்தில் முதலில் இருப்பது என் கட்டைவிரல். டிவி இன்றும் ஓடுகிறது.

வீட்டில் என் பேச்சு இரண்டு நிமிடம் தாண்டினால், கரண்டு பில்லோ மளிகைச் சீட்டோ, கைக்குக் கிடைத்ததை என் வீட்டுக்காரி நீட்டுவாள். "இதப் படிச்சிட்டு மேல பேசுங்க." பேரன் பேத்தி வரை சிரிப்பார்கள். நான் வாங்கி, தலையாட்டி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குவேன்.