மன்னிப்புக் கேட்கும்வரை லிஃப்டில் ஏற மாட்டோம்

மனைவியின் மேற்படிப்பை இந்தப் பருவத்தோடு முடித்துக் கட்டுவது என்று தோழர் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினார். கூட்டத்தில் அவர் ஒருவர்தான் இருந்தார். ஆகவே எதிர்ப்பு எழவில்லை.

அந்த ஆறு மாடிக் குடியிருப்பில் அவருக்குத் தோழர் என்றே பெயர். வாழ்நாளெல்லாம் ஆலை வாசலில் நின்று கோஷம் போட்டவர். கல்லூரி வாசலை மிதிக்காதவர். படித்ததெல்லாம் துண்டறிக்கை. எழுதியதும் அதுவே. பெரிய பெரிய மானேஜர்களைக் கைகூப்ப வைத்தவர். அவர் வாங்கிக் கொடுத்த போனஸில் வீடு கட்டியவர்கள் இன்று தெருவில் அவரைக் கண்டால் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு நழுவிவிடுகிறார்கள். உலகம் அப்படித்தான். நன்றி காட்டவேண்டும் என்று எந்த ஒப்பந்தத்திலும் யாரும் கையெழுத்துப் போடவில்லை.

மனைவி தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவள். தோழர் சிறைக்கு உள்ளே இருந்த மாதங்களிலும், வெளியே வேலையில்லாமல் இருந்த வருஷங்களிலும், வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான். ஓய்வு பெற்றதும் பல்கலைக்கழகத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். முதுகலை. உளவியலும் சுற்றுச்சூழல் நிலைத்தன்மையும்.

"அது என்ன படிப்பும்மா?"

"பூமி கெட்டுப்போகுதுன்னு எல்லாருக்கும் தெரியுதுங்க. தெரிஞ்சும் யாரும் பழக்கத்தை மாத்திக்கறதில்ல. ஏன்னு கண்டுபிடிக்கற படிப்பு."

"முதலாளித்துவம்."

"என்னது?"

"காரணம். ஒரே வார்த்தை. இதுக்கு எதுக்கு ரெண்டு வருஷம்?"

"அப்ப நீங்க ஏன் குழாயைத் திறந்துவிட்டுட்டே பல் தேய்க்கறீங்க? முதலாளியா சொன்னாரு?"

தோழர் குழாய்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வாயில் நுரை இருந்தது.

அவள் வகுப்புக்குப் போனால் வீடு ஊரடங்கு போட்டதுபோல் ஆகிவிடும். தோழர் தனியாகச் சாப்பிடுவார். தனியாகச் செய்தித்தாள் படிப்பார். தனியாக ஆட்சியைக் கவிழ்ப்பார். எதிரே உட்கார்ந்து "சரி சரி, சாதம் ஆறுது" என்று சொல்ல ஆளில்லாமல் எந்த ஆட்சியைக் கவிழ்த்து என்ன பயன்? இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கோரிக்கையை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டது வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை.

இந்த நேரத்தில்தான் அவள் பேராசிரியர் ஒரு நிபந்தனை போட்டார். குடியிருப்பு லிஃப்டுக்குத் தனி மின்சார மீட்டர் இருக்கிறது. மக்களின் மனதை மாற்றி, அந்த மீட்டர் ஓடுவதைப் பருவ முடிவுக்குள் குறைத்துக் காட்ட வேண்டும். குறையாவிட்டால் ஆய்வேடு இல்லை. ஆய்வேடு இல்லாவிட்டால் பட்டம் இல்லை.

அவள் லிஃப்டுக்குள் ஒரு சீட்டு ஒட்டினாள். "உங்கள் அண்டை வீட்டார் பலர் படியேறிப் போகிறார்கள். நீங்களும் முயலலாமே. நன்றி."

தோழர் அதைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"இது என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா? ஒரு ஆச்சரியக்குறிகூட இல்ல."

"திட்டினா யாரும் கேக்க மாட்டாங்கங்க. மெதுவா, தட்டிக்கொடுத்துச் சொல்லணும். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

புத்தகம் தோற்றது. இரண்டாம் மாடிப் பல் டாக்டர் அந்தச் சீட்டின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டே தன் வீட்டுக்குப் போய்வந்தார். போதாக்குறைக்கு அதன் பக்கத்திலேயே தோழரின் துண்டறிக்கை முளைத்தது.

"லிஃப்ட் மக்கள் சொத்து! உழைத்துக் களைத்த கால்களே, ஏறுங்கள்! ஏறிக்கொண்டே இருங்கள்!"

மீட்டர் முன்பைவிட வேகமாக ஓடியது. ஒருநாள் சாயங்காலம் அவள் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. இருபது வயசுல டிகிரியோட விட்ட படிப்பு. இந்தத் தடவையும் முடியாதுபோல."

இருபது வயதில் அவள் அதை யாருக்காக விட்டாள் என்பது தோழருக்குத் தெரியும். நெஞ்சில் எங்கோ குத்தியது. தலைவர்களுக்கு அந்த இடத்தில் குத்தினால் இருமல் வரும். இருமினார்.

மறுநாள் காலை குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர், ஆறாம் மாடிக்காரர், ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, லிஃப்டுக்குள் நாலு பேர் பார்க்கத் தோழரின் துண்டறிக்கையைக் கிழித்தார். கிழித்ததோடு நிற்காமல் கசக்கினார். கசக்கியதோடு நிற்காமல், "வேற வேலையில்ல இந்தாளுக்கு" என்றார்.

தோழர் கொதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"துண்டறிக்கையையா கிழிக்கறான்? போலீஸே மடிச்சுப் பையில வெச்சுட்டுப் போவான்மா!"

"விடுங்க. அந்தக் காலமா இது? இப்ப உங்க பின்னாடி யாரு வரப்போறாங்க?"

"யாரு வரப்போறாங்களா!"

"கோபத்துல லிஃப்டைப் புறக்கணிக்கறேன்னு மட்டும் கெளம்பிடாதீங்க. உங்க முட்டி தாங்காது."

தோழர் சட்டென்று நின்றார். முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

"புறக்கணிப்பு! எனக்கு அப்பவே தோணுச்சு."

"நான் சொன்னா கேக்கவா போறீங்க?" என்று அவள் பெருமூச்சு விட்டுவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

செயலாளர் மன்னிப்புக் கேட்கும்வரை லிஃப்டில் ஏற மாட்டோம். ஒரே கோரிக்கை. தோழர் கதவு கதவாகத் தட்டினார். செயலாளரைப் பிடிக்காதவர்கள் அந்தக் குடியிருப்பில் அநேகமாக எல்லோரும்தான் என்பது அன்றுதான் தெரியவந்தது. பல் டாக்டரே படியேறினார்.

"ரெண்டே மாடிதான் தோழர். இத்தனை நாளா எதுக்கு லிஃப்டுல போனேன்னு எனக்கே தெரியல."

"உணர்வு வரலை, டாக்டர். இப்ப வந்துடுச்சு."

படிக்கட்டு நிரம்பியது. திருப்பத்துக்குத் திருப்பம் ஆட்கள் நின்று பேசினார்கள். மூன்றாம் மாடித் தையல்காரம்மா மூச்சு வாங்குபவர்களுக்காக ஒரு நாற்காலி போட்டு வைத்தாள். தோழர் ஐந்தாம் மாடிக்குப் போகிற வழியில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு சிற்றுரை ஆற்றினார். உரை பாதி கொள்கைக்கு, பாதி முட்டிக்கு. "தோழர் வந்துட்டாரு, தோழர் வந்துட்டாரு" என்று குரல் கேட்கும். எத்தனை வருஷம் ஆயிற்று அதைக் கேட்டு! ராத்திரி மனைவி முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். எதிரே உட்கார்ந்து அன்றைய உரையை முழுக்கக் கேட்டாள். கேள்விகூடக் கேட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் அவள் பல்கலைக்கழகத்திலிருந்து ஓடாத குறையாக வந்தாள்.

"என்னங்க! மீட்டர் பாதிக்குமேல கொறஞ்சுடுச்சு! பேராசிரியர் தலைப்பையே மாத்திக்கச் சொல்லிட்டாரு. 'தட்டிக்கொடுத்து மாறாத பழக்கம், கூடிப் போராடினா மாறுமா?' இதான் புதுத் தலைப்பு. உங்க போராட்டத்தை அப்படியே எழுதிட்டேன், ஒளிவுமறைவில்லாம. பேரு மட்டும் போடல."

தோழருக்குக் காதுக்குள் ஏதோ மணி அடித்தது. ஒவ்வொரு படியாக ஏறி, ஒவ்வொரு உரையாக ஆற்றி, முட்டி வீங்கி, தான் நடத்தியது என்ன? மனைவியின் செய்முறைத் தேர்வு!

போராட்டத்தை உடனே முடிக்க வேண்டும். ஆனால் மன்னிப்பு இல்லாமல் எப்படி முடிப்பது? அவர் சரித்திரத்தில் அது கிடையாது. வேறு வழியில்லாமல் ஆறாம் மாடிக்குப் படியேறிப் போய்ச் செயலாளர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"சார், பெருசா ஒண்ணும் வேண்டாம். வருந்துகிறேன்னு ஒரு வார்த்தை. வாய்க்குள்ளயே சொன்னாக்கூடப் போதும்."

செயலாளர் விழித்தார்.

"என்ன தோழர், கிழிச்ச மறுநாளே மன்னிப்புக் கேக்க உங்க வீட்டுக்கு வந்தேனே! நீங்க இல்ல. அம்மாதான் வாசல்லயே நிறுத்திட்டாங்க."

"நிறுத்தி?"

"'அவரு முகத்துல சிரிப்பைப் பாத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, இப்பப் போய்க் கெடுத்துடாதீங்க சார், நான் சொல்றப்ப மன்னிப்புக் கேட்டாப் போதும்'னாங்க. அதான் காத்துட்டிருக்கேன். சொல்லிட்டாங்களா? கேட்டுடட்டுமா?"

தோழர் ஒரு மாடி இறங்கி வீட்டுக்கு வந்தார். மனைவி தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகமே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

"செயலாளர் கிட்ட போனீங்களா?"

"நாற்பது வருஷத்துல ஒரு நிர்வாகம்கூட என்னை இப்படி ஏமாத்தினதில்லம்மா."

"நான் நிர்வாகமாங்க? ஒவ்வொரு வேலைநிறுத்தத்துலயும் உங்க கூட இருந்தவ நான். இது ஒண்ணுல நீங்க என் கூட இருங்களேன்."

அந்தக் கோரிக்கையில் குற்றம் கண்டுபிடிக்கத் தோழர் வெகுநேரம் முயன்றார். கிடைக்கவில்லை. கடைசியில் தணிந்த குரலில் கேட்டார்.

"மன்னிப்பு எப்பம்மா கிடைக்கும்?"

"பேராசிரியர் இன்னொரு பருவம் நீட்டிச்சுப் பாக்கச் சொல்றாரு."

கீழே படிக்கட்டில், "தோழர் எங்கே? கூட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்று பல் டாக்டரின் குரல் கேட்டது. தோழர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலுக்கு வந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தோழர்களே! இறுதி வெற்றி வரை நம் போராட்டம் தொடரும்!"

படிக்கட்டு அதிரக் கைதட்டினார்கள். எல்லோரையும்விட பலமான கைதட்டல் அவருக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து வந்தது.