இடது பெல்ட், வலது பெல்ட்

பெல்ட்டிலும் இடது, வலது உண்டு என்று ஒரு ஷூ கம்பெனியையே நம்பவைத்தவள் நான். அதுவும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு. (அட்டை இல்லாமல் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.)

அப்போது வேலூரிலிருந்து தினமும் ரயிலேறி ஆம்பூருக்குப் போவேன். ஏற்றுமதி ஷூ தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை. அந்த முறை வெளிநாட்டு பையர் ஷூவோடு பெல்ட்டும் கேட்டிருந்தார். சரக்கு விவரத்தை எக்ஸ்எம்எல் ஃபைலாகக் கொடுக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 'ஸ்கீமா' என்று ஒரு விதி ஃபைலும் வந்தது. ஷூ என்றால் இடது, வலது, சைஸ். பெல்ட் என்றால் நீளம், பக்கிள். நம் ஃபைல் விதிக்கு ஒத்துப்போனால் கம்ப்யூட்டர் 'வேலிட்' என்று சொல்லும்.

"இந்த ஆர்டர் ஒழுங்கா போய்ட்டா உன்ன பர்மனென்ட் பண்ணிட்றேன்மா," என்றார் மேனேஜர் பஷீர் பாய். வீட்டில் அம்மா அதற்காக உபவாச ஜெபமே ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு பொருளும் என்ன வகை என்று பார்த்து, அதற்கேற்ப எழுதுவது என் புரோகிராமின் வேலை. நான் அதற்கு ஷூவை மட்டும்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். தெரியாத வகை எது வந்தாலும் ஷூ என்று வைத்துக்கொள் என்று ஒரு வரி எழுதி, அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். (எங்கள் தொழிலில் அந்த அப்புறம் வந்ததே இல்லை.) ஆக, ஒவ்வொரு பெல்ட்டும் ஷூவாக உள்ளே போய், இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டாக வெளியே வந்தது. நீளம் சைஸ் ஆனது. தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் பெல்ட், தொண்ணூற்றைந்தாம் நம்பர் ஷூ. சைஸ் என்ற இடத்தில் எண் இருக்கிறதா என்றுதான் ஸ்கீமா பார்த்தது. அந்தக் காலுக்குச் சொந்தக்காரர் யார் என்று அது கேட்கவில்லை. 'வேலிட்' என்றது. எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஃபைலிலிருந்துதான் லேபிள் அச்சாகும். பேக்கிங் சூப்பர்வைசர் கலா அக்கா லேபிள் சுருளோடு வந்தார்.

"இன்னாம்மா இது, பெல்ட்டுக்கு லெஃப்ட்டு ரைட்டு வந்துருக்கு?"

நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபைல் வேலிட்க்கா. பையர் ரூல்படிதான் வந்திருக்கு. ஒட்டுங்க."

"அந்த ஊர்ல எப்டி கட்றாங்களோ," என்று அவர் போய்விட்டார்.

ஷூ பேக்கிங்கில் ஒரு கண்டிப்பு உண்டு. இடதும் வலதும் ஒரே கலர் ஷேடில் இருக்க வேண்டும். கொஞ்சம் கம்மி ஜாஸ்தி என்றாலும் ஜோடி சேர்க்க மாட்டார்கள். அன்று காலை முழுக்க பேக்கிங் பெண்கள் பெல்ட்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். டிஷ்யூ பேப்பர் சுற்றி, தலைமாடு கால்மாடாக ஷூ பெட்டியில் படுக்கவைத்தார்கள். அவ்வளவு அழகான வேலையை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

மதியம் பெல்ட் தீர்ந்துவிட்டது. லேபிள் பாதி மீதம். கலா அக்கா நேராக பஷீர் பாயிடம் போனார். "பாய், பெல்ட் பத்தல."

பாய் என்னைக் கூப்பிட்டார். ஒரு பெட்டியைத் திறந்து இரண்டு பெல்ட்டையும் என் முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"இதுல எதும்மா லெஃப்ட்டு?"

நான் இரண்டையும் உற்றுப் பார்த்தேன். (இன்றைக்கும் தாங்க முடியாதது இதுதான். உண்மையிலேயே உற்றுப் பார்த்தேன்.) பிறகு, "லேபிளைப் பாருங்க பாய்," என்றேன்.

சாயங்காலம் லாரி துறைமுகத்துக்குக் கிளம்பியாக வேண்டும். ஃபைலைத் திருத்திவிட்டு, அழுதுகொண்டே நானும் உட்கார்ந்து லேபிள் உரித்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். லாரி போன பிறகு பாய் சொன்னார்: "பர்மனென்ட் தர்றேன். மொதல்ல ஒரு மாசம் பேக்கிங்ல உக்காரு. ஷூ எது, பெல்ட் எதுன்னு தெரிஞ்சினு மேல வா."

உட்கார்ந்தேன். மறுவருஷம் என் கல்யாணத்துக்குப் பேக்கிங் செக்‌ஷனே திரண்டு வந்து மாப்பிள்ளை கையில் ஒரு ஷூ பெட்டியைக் கொடுத்தது. உள்ளே டிஷ்யூ பேப்பரில் இரண்டு பெல்ட். ஷேடில் ஒரு மயிரிழை வித்தியாசம் கிடையாது. ஒன்றில் 'இடது', மற்றதில் 'வலது'.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது என் கணவர் இரண்டையும் தூக்கிப் பிடித்து, "இன்னைக்கு எது?" என்று கேட்பார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பார்:

"லேபிளைப் பாருங்க மாப்ளே."