இடப்பக்கத்துச் சாட்சி

வழக்காடுவது என்று ராஜரத்தினம் முடிவெடுத்தது ஒரு புதன்கிழமை காலையில், இரண்டாவது இட்லிக்கும் மூன்றாவது இட்லிக்கும் நடுவில்.

"நான் விடப்போறதில்ல புஷ்பா. கோர்ட்டுல ஒரு கை பாத்துடப் போறேன்."

"யாரோட?"

"சர்க்காரோட!"

புஷ்பலதா சட்னிக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் தன் புருஷன் இப்படிப் பல பேரோடு மோதப் புறப்பட்டதை அவள் பார்த்திருக்கிறாள். கரண்ட் ஆபீஸோடு மோதினார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி வைத்தவரோடு மோதினார். ரங்கூன் போட்டாதாங் படகுத்துறையில் ஒரு தடவை சேவலோடும் மோதினார். கடைசியில் சமாதானம் பேசி முடித்தது எல்லா இடத்திலும் அவள்தான். சேவல்கூட அவள் சொன்னதைத்தான் கேட்டது.

"அபராதத்தக் கட்டிட்டு லைசென்ஸ வாங்கிட்டு வாங்க. அரை மணி நேர வேலை. எதிர்வீட்டு பிரேம்நாத் அண்ணன் அப்படித்தான் செஞ்சாரு."

"பிரேம்நாத் குத்தம் பண்ணினான், கட்டினான். நான் என்ன குத்தம் பண்ணினேன்?"

பண்ணிய குத்தம் இதுதான். போன சனிக்கிழமை ஸ்ட்ராண்ட் ரோட்டில் மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தினார். எதிரே கண்டெய்னர் லாரி வந்துவிட்டது. லாரிக்காரர் பிரேக் போட்ட சத்தத்தில் படகுத்துறைக் கடற்புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன. ஓரத்தில் நின்ற போலீஸ்காரர் நிதானமாக வந்து, லைசென்ஸை வாங்கிக்கொண்டு, ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். "கோர்ட்டு முடியிற வரைக்கும் இந்தச் சீட்டை வச்சு ஓட்டிக்கலாம், ஊ ராஜரத்தினம்" என்று பர்மிய வழக்கப்படி 'ஊ' போட்டு மரியாதையாகவே சொன்னார். அந்த மரியாதைதான் இவருக்குத் தாங்கவில்லை.

அன்று காரில் புஷ்பலதாவும் இருந்தாள். சாயங்காலம் தையல் மெஷினில் உட்கார்ந்தபோது ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் அவள் கை நடுங்கியது. ராஜரத்தினம் அதைப் பார்த்தார். பார்த்தும் பார்க்காததுபோல் டீக்கடைக்குப் போய்விட்டார். அது தப்பு என்று அவருக்கே தெரியும். தெரிந்ததால்தான் இரண்டு டீ குடித்தார்.

இங்கே அவருடைய காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ரங்கூனில் வண்டிகள் சாலையின் வலப்பக்கமாக ஓடவேண்டும். ராஜரத்தினம் வைத்திருந்த பழைய ஜப்பான் காரில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம்தான். முன்னால் ஒரு பஸ் போனால், ஓட்டுகிறவருக்கு அந்த பஸ்ஸின் முதுகைத் தவிர உலகத்தில் வேறெதுவும் தெரியாது. இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் எட்டிப் பார்த்து, வழி இருக்கிறது, இல்லை என்று சொல்லவேண்டும். இந்த மாதிரி கார் உள்ள வீடுகளில் எல்லாம் இதுதான் நடைமுறை. ராஜரத்தினம் வீட்டில் அந்தப் பதவியை இருபத்து மூன்று வருஷமாக வகித்து வருபவள் புஷ்பலதா. சம்பளம் கிடையாது. பதவி உயர்வும் கிடையாது.

பதவி உயர்வை அவள் ஒருமுறை கேட்டுப் பார்த்தாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் தன்லியின் ஊரில் சிநேகிதி சைதா வைத்திருக்கும் துணிக்கடைக்கு அவள் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறாள். துணிமூட்டையோடு பாலம் தாண்டிப் போக இவரைத்தான் நம்ப வேண்டும். இவரோ போகிற வழியில் இரண்டு இடத்தில் டீ, வருகிற வழியில் ஒரு இடத்தில் மொஹிங்கா என்கிற மீன்குழம்பு நூடுல்ஸ். கல்யாண ஜாக்கெட்டு ஒன்று தாலி கட்டி முடிந்தபிறகு போய்ச் சேர்ந்ததும் உண்டு.

"எனக்கும் ஓட்டக் கத்துக் குடுங்களேன்."

"ஸ்டியரிங் புடிக்கப் பிறவியிலேயே ஒரு கை வேணும் புஷ்பா. உன்னது ஊசி புடிக்கிற கை."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. மூன்று மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறித் தனியாகவே தன்லியின் போய்வருகிறாள். காலையில் போனால் சாயங்காலம்தான் திரும்புவாள். சைதா கடையில் வேலை அதிகம் என்று சொன்னாள். ஞாயிறன்று நிம்மதியாகத் தூங்கக் கிடைத்ததில் இவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. ஒரே ஒரு புதுப் பழக்கம் மட்டும் அவளிடம் வந்திருந்தது. காரில் இடப்பக்கம் உட்கார்ந்திருக்கும்போது, சிக்னல் வந்தால் அவள் வலது கால் கீழே விரித்திருக்கும் ரப்பர் பாயை அழுத்தும்.

"அங்க பிரேக் இல்லடி!" என்று விழுந்து விழுந்து சிரிப்பார் ராஜரத்தினம். டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லியும் சிரித்தார்.

இனி வழக்குக்கு வருவோம். மூன்றாவது இட்லியைப் பிட்டபடி அவர் தன் சட்ட நுணுக்கத்தை அவிழ்த்தார்.

"நம்ம காருல ரோடு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"போ, நில்லுன்னு சொல்றது யாரு?"

"நான்."

"அப்போ நான் யாரு?"

"நீங்க சொல்லுங்க."

"வெறும் கை! ஸ்டியரிங்கத் திருப்புற கை. கண்ணு நீ. கண்ணு இல்லாத கையைத் தண்டிக்கிற சட்டம் உலகத்துல எங்கயாச்சும் உண்டா? இதக் கேட்டா எந்த ஜட்ஜும் எழுந்து நின்னுடுவாங்க."

புஷ்பலதா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கு நான் 'வேண்டாம், லாரி வருது'ன்னு சொன்னேனே."

"அத நீ சொல்லாத."

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சேச்சே! கேட்டா சொல்லு. அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"கேட்டா மட்டும் சொல்லணும்."

"கேட்டா மட்டும்."

"சரிங்க. சாட்சிக்கு நான் வரேன்."

இவ்வளவு சுலபமாக மனைவி சம்மதித்தால் வேறு எந்தப் புருஷனுக்கும் சந்தேகம் தட்டும். ராஜரத்தினத்துக்கோ தன் வாதத்திறமைமேல் மரியாதைதான் கூடியது.

நாலு நாள் ஒத்திகை. மனைவியின் ஈடுபாட்டைக் கண்டு அவருக்கே ஆச்சரியம்.

"'அவருக்கு ரோடு சரியாத் தெரியாது'ன்னு சொல்லட்டுமா, 'ரோடே தெரியாது'ன்னு சொல்லட்டுமா?"

"ரோடேன்னு சொல்லு. அழுத்தமா இருக்கும்."

"எத்தனை வருஷமான்னு கேட்டா?"

"இருபத்து மூணு வருஷமான்னு சொல்லு. கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொல்லு."

"வந்துரும்ங்க" என்றாள் புஷ்பலதா.

செவ்வாய்க்கிழமை நகராட்சி நீதிமன்றம். ராஜரத்தினம் பட்டு லோன்ஜி கட்டி, மேலே பர்மியப் பெரிய மனிதர்கள் கல்யாணத்துக்குப் போடும் தைப்போன் கோட்டும் மாட்டிக்கொண்டு போனார். பெஞ்சுகளில் இருந்தவர்கள் எல்லாம் அபராதம் கட்ட வந்தவர்கள். ஒவ்வொருவராக எழுந்தார்கள், தலையைக் குனிந்தார்கள், கட்டினார்கள், போனார்கள். நாற்காலியில் இருந்த நீதிபதி அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நிமிர்ந்து பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"குற்றத்தை ஒத்துக்கொள்கிறீர்களா?"

"இல்லை, சயாமாஜீ."

பேனா நின்றது. அந்த மாதத்தில் இந்தப் பதிலை அவர் கேட்பது முதல் தடவையாக இருக்க வேண்டும். பின்பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்த டாக்சிக்காரர் ஒருவர் எழுந்து உட்கார்ந்தார்.

பேச்செல்லாம் அங்கே பர்மிய மொழியில்தான் நடந்தது. சயாமாஜீ, டோ போன்ற மரியாதை விளிகளை அப்படியே விட்டு, மற்றதை நம் வசதிக்குத் தமிழில் சொல்கிறேன். ராஜரத்தினம் வெளுத்து வாங்கினார். கண் என்றார், கை என்றார், பஸ்ஸின் முதுகு என்றார். கையை வீசியதில் தைப்போன் கோட்டின் துணிப்பொத்தான் ஒன்று தெறித்துப் போனது. "எங்கள் காரில் கண் என்பது இடப்பக்கம் இருப்பவர்தான். கண் சொல்வதுதான் சட்டம். இதோ என் சாட்சி!"

புஷ்பலதா எழுந்தாள். சத்தியம் செய்தாள். எந்தப் பதற்றமும் இல்லை. அவள் நின்ற தோரணையைப் பார்த்து, இவள் வக்கீலுக்குப் படித்திருக்கலாமே என்று ராஜரத்தினத்துக்குத் தோன்றியது.

"உங்கள் கணவர் சொன்னது உண்மையா, டோ புஷ்பலதா?"

"ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, சயாமாஜீ. எங்கள் காரில் ரோட்டைப் பார்ப்பது நான்தான். அவருக்கு ரோடே தெரியாது."

ராஜரத்தினம் பெருமையாகத் தலையை ஆட்டினார்.

"எத்தனை வருஷமாக?"

"இருபத்து மூன்று வருஷமாக." சொன்னபடியே கண்ணில் தண்ணீர் வந்தது. டாக்சிக்காரர் உச்சுக்கொட்டினார்.

நீதிபதி பேனாவை மூடி வைத்தார். "அப்படியானால் அன்றைக்கு அந்தக் கண் என்ன சொன்னது?"

கேட்டுவிட்டார்கள்.

புஷ்பலதா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. கேட்டால் சொல்லச் சொன்னீர்களே என்பதுபோல ஒரு பார்வை. "வேண்டாம், லாரி வருகிறது என்று சொன்னேன், சயாமாஜீ. இவர் கேட்கவில்லை. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் செத்திருப்போம்."

ராஜரத்தினத்துக்குத் தையல் மெஷின்முன் நடுங்கிய அந்தக் கை ஞாபகம் வந்தது.

"ஊ ராஜரத்தினம், உங்கள் வாதம் பிரமாதம்" என்றார் நீதிபதி. "கண் சொல்வதுதான் சட்டம் என்றீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கண் வேண்டாம் என்றது, கை மீறியது. அபராதம் உண்டு. இன்னொன்று கேட்கிறேன். அந்தச் சுவரில் இருக்கும் கடிகாரத்தில் மணி என்ன?"

ராஜரத்தினம் கண்ணைச் சுருக்கினார். சுவர் தெரிந்தது. வட்டமாக ஏதோ இருந்தது. போன வாரம் தெருமுனையில் நின்ற பிரேம்நாத்தைப் பார்த்து 'அது யாரு அந்தப் பொம்பள' என்று கேட்ட கண் அது.

"பத்து... பத்தரை?"

"அது நாட்காட்டி" என்றார் டாக்சிக்காரர், தாங்க முடியாமல்.

"கண் மருத்துவரிடம் காட்டி, கண்ணாடி போட்டு, சான்றிதழ் கொண்டுவாருங்கள். அதுவரை லைசென்ஸ் இங்கேயே இருக்கட்டும். அந்தச் சீட்டையும் கொடுத்துவிடுங்கள்."

ராஜரத்தினம் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "சயாமாஜீ, கார் வாசலில் நிற்கிறது. அதை யார் வீட்டுக்கு ஓட்டிப் போவது?"

புஷ்பலதா கைப்பையைத் திறந்தாள். தையல் அளவு நாடாவை எடுத்து ஓரமாக வைத்தாள். கத்தரிக்கோலை வைத்தாள். அதற்கும் அடியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீதிபதியிடம் நீட்டினாள். பளபளவென்று புத்தம்புது லைசென்ஸ். அதில் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"எப்போ?" என்றார் ராஜரத்தினம் தமிழில்.

"போன மாசம். ஞாயித்துக்கிழமைல சைதாதான் அவ வண்டியில கத்துக் குடுத்தா. தன்லியின்ல பாக்டரிக்குப் பின்னால பெரிய காலி மைதானம் இருக்கு."

"என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கலையே."

நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

வாசலில் காரை இரண்டு லாரிகள் முன்னும் பின்னும் நெருக்கிக்கொண்டு நின்றன. ராஜரத்தினமாக இருந்தால் லாரிக்காரரைத் தேடி டீக்கடை டீக்கடையாக அலைந்திருப்பார். புஷ்பலதா ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தாள், ஒரு முழம் பின்னால் போனாள், இன்னும் ஒரு முழம் முன்னால் வந்தாள். துணியில் ஓரம் மடித்துத் தைக்கிற நிதானத்தோடு காரை வெளியே எடுத்துவிட்டாள். லாரியில் பெயின்ட்கூட உரசவில்லை. இந்தக் கையையா ஊசிக் கை என்றோம் என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெருமை அதிகமாக இருந்தது. டீக்கடையில் இதை எப்படித் தொடங்கிச் சொல்வது என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

முன்னால் ஒரு பஸ் ஊர்ந்து போனது.

"வழி இருக்கா, பாருங்க" என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக இடப்பக்க ஜன்னலில் தலையை நீட்டினார். தூரத்தில் பச்சையாக ஏதோ தெரிந்தது. மரமாகவும் இருக்கலாம், வண்டியாகவும் இருக்கலாம்.

"இருக்குன்னு நெனைக்கிறேன்."

"நெனைக்க வேண்டாம்" என்று அவள் பஸ்ஸின் பின்னாலேயே போனாள். அந்தப் பச்சை, ஒரு முழு லாரியாகப் பக்கத்தில் வந்து, காற்றடித்துக் கடந்து போனது. ராஜரத்தினம் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"புஷ்பா."

"சொல்லுங்க."

"அன்னைக்கு உன் பேச்சக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவள் முகம் இளகிவிட்டது. வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி கார் நேரே போனது.

"எங்க போற? நம்ம தெரு போயிடுச்சே!"

"கண் ஆஸ்பத்திரிக்கு. நேத்தே டோக்கன் வாங்கி வச்சுட்டேன்."

"நேத்தேவா? தீர்ப்பு இன்னைக்குத்தானே!"

எதிரே சிக்னல் சிவப்பானது. ராஜரத்தினம் ஒரு கையால் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டார். இன்னொரு கையை டாஷ்போர்டில் ஊன்றிக்கொண்டார். வலது கால் தன்னால் நீண்டு, கீழே இருந்த ரப்பர் பாயை அழுத்து அழுத்தென்று அழுத்தியது.

புஷ்பலதா குனிந்து அந்தக் காலை ஒரு தடவை பார்த்தாள்.

"அங்க பிரேக் இல்லைங்க."