கை அண்ணையும் மேட்டுத்தெருக் குப்பையும்

சுவிற்சர்லாந்து முழுவதிலும் எதற்குமே பயப்படாத தமிழர் ஒரேயொருவர்தான். அவர் எங்கள் கட்டடத்தின் கீழ்மாடியில் குடியிருந்தார். அவர் பயப்படாததால், அவருடைய பங்குப் பயத்தையும் சேர்த்து நாங்களே பயப்பட வேண்டியிருந்தது.

எல்லோருக்கும் அவர் கை அண்ணை. நாலு பேர் கூடிய இடத்தில் அவருடைய வலக்கை தானாக மேலே போய்விடும். கோயிலில் தீபாராதனைக்கு நடுவில் கையை உயர்த்தி, பிரசாத வரிசை ஏன் எப்போதும் நிர்வாகசபைப் பக்கமிருந்தே தொடங்குகிறது என்று கேட்டார். ஐயருக்கு மந்திரம் மறந்துபோனது. பெற்றோர் கூட்டமொன்றில் வீட்டுப்பாடம் அதிகமென்று வாதாடி ரீச்சரைக் கலங்கடித்தார். அவருடைய மகளின் வகுப்பு அடுத்த அறை என்பது பிறகுதான் தெரிந்தது. டொச், அதாவது ஜெர்மன் மொழி, அவருக்கு அரைகுறை. புரியாத கேள்விக்கெல்லாம் 'யோ' என்று சுவிஸ்காரர் வழக்கில் ஓம் போட்டுவிடுவார்.

எம்மன்புரூக்கேயிலிருந்து கொஞ்சம் தள்ளியிருந்த சின்ன ஊர் அது. ரயில் பாதையோரம் எங்கள் மாடிக் கட்டடங்கள். மேட்டில் தோட்டம் வைத்த வீடுகள். ஊர்ச்சபைக்காரர் எல்லோரும் மேட்டில்.

ஒரு இலையுதிர்காலத்தில் சபை புதிய விதியொன்றைக் கொண்டுவந்தது. ஊர்க்கூட்டத்தில் வாக்காளர்கள் அதை ஏற்றால், இனிக் குப்பை லொறி எங்கள் பக்கம் வராது. நாங்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் பாலத்தைக் கடந்து, நடு ஊரிலுள்ள நிலத்தடித் தொட்டியில் போட வேண்டும். மேட்டு வீடுகளுக்கு மட்டும் லொறி வழக்கம்போல வாசலுக்கே வரும். தொட்டியொன்றை எங்கள் முற்றத்திலேயே புதைத்திருக்கலாம். ஆனால் கட்டடச் சொந்தக்காரருக்குக் கார் நிறுத்தும் இடம் குறைந்துவிடும். அவர் சபையில் இருந்தார். லொறி ஒப்பந்தக்காரருக்கு ஒரு சுற்று மிச்சம். அவரும் சபைத் தலைவரும் ஒரே பாடகர் குழு. எங்களில் அநேகருக்கு வாக்கே இல்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. அவரவர் தங்கள் வாசலைப் பார்த்தார்கள். எங்கள் வாசல் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மேல்மாடி மரியா, போர்த்துக்கேயப் பெண், முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தவள். "பாலம் உறைந்தால் நான் எப்படிப் போவேன்?" என்று என்னிடம் கேட்டாள். சபையிடம் போய்க் கேட்க எனக்குப் பயம். என் குடியுரிமை விண்ணப்பத்தைப் பார்க்கும் குழுவுக்கும் அதே சபைத் தலைவர்தான் தலைவர்.

"சிட்டிசன் கிடைக்கிறமட்டும் வாய் திறவாதை. குப்பையை நான் தூக்கிறன்," என்றார் என் கணவர்.

கை அண்ணைக்குச் சுவிஸ் பாஸ்போர்ட் இருந்தது. வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, ஊர்க்கூட்டத்துக்கு வாறியோ?"

"ஐயோ அண்ணை, எனக்கு வோட்டு இல்லை."

"எனக்கு இருக்கு. நீ சும்மா வந்து இருந்தாக் காணும்."

"அண்ணை, தலைவரைப் பகைக்காதேங்கோ. என்ர கேஸ் அவரின்ர கையில கிடக்கு."

"நான் ஏன் பகைக்கிறன்? ஒரு கேள்விதானே."

அந்த 'ஒரு கேள்வி'யை நினைத்தே எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆனாலும் போனேன். ஊர்க்கூட்டம் நடந்த பள்ளிக்கூட உடற்பயிற்சி மண்டபத்தில் வாக்காளர்கள் நடுவில் இருந்தார்கள். மரியாவும் நானும் வாக்கில்லாதவர்களுக்கான ஓரக் கதிரைகளில். "இது ஒரு சின்ன நடைதான்," என்று தலைவர் விளக்கி முடித்தார். கை மேலே போனது.

கை அண்ணை எழுந்தார். "அல்லே க்லைக்!" எல்லாரும் ஒரேமாதிரி என்று டொச்சில் முழங்கிவிட்டு இருந்துவிட்டார்.

தலைவர் புன்னகையோடு வேகமாகக் கேட்டார்: "அப்படியென்றால் மேட்டுக்காரரும் பையைத் தூக்கிக்கொண்டு தொட்டிக்கு வர வேண்டும் என்கிறீர்களா? இதை மாற்றுப் பிரேரணையாக வாக்குக்கு விடட்டுமா?"

கை அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரு சொல்லும் விளங்கவில்லை என்பது அந்த முகத்திலேயே தெரிந்தது. வேண்டாம், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"யோ!" என்றார்.

ஏற்கெனவே தொட்டிக்குத் தூக்கிக்கொண்டிருந்த நடு ஊர்க்காரர் கைதட்டத் தொடங்கினார்கள். மேட்டுக்காரர் வெலவெலத்துப்போனார்கள். "பனியிலா? என் இடுப்போடா?" என்று ஒரு அம்மா அலறினார். "எங்கள் தெரு எவ்வளவு சரிவு தெரியுமா?" என்றார் ஒப்பந்தக்காரர். அந்த மண்டபத்தில் என்னைவிடப் பயந்த முகங்களை அன்றுதான் பார்த்தேன். பிரேரணை வென்றுவிடுமோ என்ற நடுக்கத்தில், முழு விதியையும் சபைக்கே திருப்பி அனுப்பலாம் என்று கட்டடச் சொந்தக்காரரே எழுந்து கெஞ்சினார். கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் அந்தக் கோரிக்கை அரும்பொட்டில் நிறைவேறியது. விதி பிறகு திரும்பி வரவேயில்லை.

வெளியே வந்ததும் கேட்டேன். "அண்ணை, விளங்கித்தானோ ஓமெண்டனீங்கள்?"

"லொறி வருமோ, வராதோ?"

"வரும்."

"பிறகென்ன கேள்வி?"

சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டைப் பூட்டப் பார்த்தார். முடியவில்லை. வலக்கை அப்படி நடுங்கியது. மரியா பொத்தான்களைப் பூட்டிவிட்டாள். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஆனால் குடியுரிமை நேர்முகத்தன்று அது யாருக்குத் தெரியும்? எதிரில் தலைவர் இருந்தார். "உங்களுக்கு நெருக்கமான சுவிஸ்காரர் யாராவது உண்டா?" என்று கேட்டார். வேலையிடத்து மேற்பார்வையாளர் பெயரைச் சொல் என்று கணவர் எனக்குப் பாடமாக்கியே விட்டிருந்தார். நான் கை அண்ணையின் முழுப்பெயரைச் சொன்னேன்.

தலைவர் பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். ஆனாலும் வேறொரு பெயர் எனக்கு வாயில் வரவில்லை.